செல்லப் பிராணிகளும் சிறுவர் ஆங்கிலமும்

பிழைப்பைத் தேடித் தமிழகத்தை விட்டு வந்து, மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பிற நகரங்களிலும் வாழ்ந்து வரும் நம்மவர் இல்லங்களில், குழந்தைக்கு மூன்று வயது நிரம்பும்போதே ஆங்கிலம் வாசற்படி ஏறி வந்துவிடுகிறது. பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய சில வாரங்களிலேயே ‘டாக்’, ‘கேட்’, ‘ஃபிஷ்’, ‘ராபிட்’ என்று குழந்தை சொல்லக் கேட்கிறோம். பெற்றோர் உள்ளம் பூரிக்கிறது. மக்கள் நன்கு படித்து முன்னுக்கு வரவேண்டும் என்பதற்காகவே பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் அல்லவா? அம்மகிழ்ச்சி இயல்பானதே.

ஆனால் அன்று தொடங்கிப் பல வீடுகளில் ஒரு மாறுதல் நிகழ்கிறது. தெருவில் போகும் நாய் ‘டாகி’ ஆகிறது. மாடிப்படியில் உறங்கும் பூனை ‘கேட்’ ஆகிறது. “அதோ பார் கண்ணா, டாகி வருது” என்று தாயே சொல்லத் தலைப்படுகிறாள். ஈராண்டு இவ்வாறு கழிந்த பின் கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கோ தஞ்சைக்கோ செல்லும் குழந்தையிடம், “கன்னுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது, பார்” என்று பாட்டி சொன்னால், குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறது. பாட்டியும் பேரனும் பேசிக்கொள்ள இடையே ஒருவர் மொழிபெயர்க்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது.

ஆங்கிலமேனும் கை கூடியதா என்று நோக்கினால், அதுவும் ஐயத்திற்கு இடமாகவே உள்ளது. படத்தைக் காட்டினால் ‘கேட்’ என்னும் குழந்தை, அந்தப் பூனை என்ன செய்தது என்று கேட்டால் விடை சொல்ல அறியாமல் நிற்கிறது. இருபது பிராணிகளின் பெயர் தெரிகிறது; அவற்றைக் கொண்டு ஒரு வாக்கியம் அமைக்கத் தெரியவில்லை. ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல்லின் இடத்தைப் பறித்துக்கொள்ளாமல் அதன் பக்கத்தில் வந்து அமருமாறு கற்பிப்பது எப்படி என்பதையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

பிராணிகளில் தொடங்குவது ஏன்?

சிறு குழந்தைக்கு மொழி கற்பிப்போர் பிராணிகளின் பெயரில் தொடங்குவது நெடுங்கால வழக்கம். பிராணி நகர்கிறது, ஒலி எழுப்புகிறது, நாம் அருகில் சென்றால் ஓடுகிறது, அல்லது வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. மேசையும் நாற்காலியும் இவ்வாறு செய்வதில்லை. ஆதலால் பிராணியின் மீது குழந்தையின் கருத்து தானே சென்று பதிகிறது. கருத்துச் சென்ற இடத்தில் சொல்லும் எளிதில் நிலைக்கிறது.

மொராவியாவில் பிறந்த கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658ஆம் ஆண்டில் நியூரம்பர்க் நகரில் சிறுவர்க்கான படநூல் ஒன்றை வெளியிட்டார். ஐரோப்பாவில் சிறுவர் படநூல்களுக்கு அதுவே முன்னோடி என்று போற்றப்படுகிறது. அதன் தொடக்கத்தில் எழுத்துக்களின் ஒலியை உயிர்களின் குரலைக் கொண்டே அவர் அறிமுகம் செய்தார். காகத்தின் கரைதலும், ஆட்டுக்குட்டியின் கத்தலும், பூனையின் குரலும் அங்கே எழுத்துக்களுக்குச் சான்றாக நின்றன. மற்றொரு சிறப்பும் அந்நூலுக்கு உண்டு. கற்கவேண்டிய இலத்தீன் மொழியின் பக்கத்திலேயே குழந்தையின் வீட்டு மொழியாகிய ஜெர்மனும் அச்சிடப்பட்டிருந்தது. புதிய மொழி கற்பதற்காகப் பழைய மொழியை மறைத்து வைக்க வேண்டும் என்று அவர் கருதவில்லை.

‘பெட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறும் அறியத்தக்கது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் வழங்கிய அச்சொல், கையில் வைத்துப் பேணி வளர்த்த ஆட்டுக்குட்டி முதலிய பிராணியையும், அருமையாக வளர்க்கப்பட்ட பிள்ளையையும் குறித்தது. நாமும் ‘செல்லம்’ என்னும் சொல்லை வீட்டு நாய்க்கும் வழங்குகிறோம், வீட்டுக் குழந்தைக்கும் வழங்குகிறோம். ஆகவே ‘பெட்’ என்பதன் பொருளை நம் குழந்தைக்கு விளக்க அகராதி வேண்டியதில்லை. “நீ எனக்குச் செல்லம், இந்தப் பூனை உனக்குச் செல்லம்” என்றால் போதும்.

நம்மிடம் உள்ள செல்வம்

உயிர்களின் இளமைப் பெயர்களைப் பற்றித் தமிழ் இலக்கணம் கொண்டிருந்த அக்கறை வியப்புக்குரியது. தொல்காப்பியத்தின் மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களை எண்ணித் தருகிறது. எப்பெயர் எவ்வுயிர்க்கு உரியது என்பதையும் வகுத்துரைக்கிறது. நாயின் இளமைக்குக் குருளை, ஆட்டின் இளமைக்கு மறி, யானைக்கும் பசுவிற்கும் கன்று, அணிலுக்கும் எலிக்கும் குட்டி, பறவைக்குப் பார்ப்பும் பிள்ளையும் என்பது அப்பழைய மரபு. இன்றைய வழக்கில் குட்டி, கன்று, குஞ்சு, பிள்ளை என்னும் சில பெயர்களே எஞ்சியுள்ளன. நாய்க்குட்டி, பூனைக்குட்டி, கன்றுக்குட்டி, கோழிக்குஞ்சு, கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை ஆகியவற்றை நம் வீட்டில் பிறந்த குழந்தை பேச்சுப் போக்கிலேயே அறிந்துகொள்ளும்; நாம் பேசினால் மட்டும்.

இவற்றை அறிந்த குழந்தைக்கு ஆங்கிலத்தின் இளமைப் பெயர்கள் கடினமாவதில்லை. நாய்க்குட்டி ‘பப்பி’, பூனைக்குட்டி ‘கிட்டன்’, கோழிக்குஞ்சு ‘சிக்’, வாத்துக்குஞ்சு ‘டக்ளிங்’, கன்று ‘காஃப்’, வெள்ளாட்டுக்குட்டி ‘கிட்’, செம்மறியாட்டுக்குட்டி ‘லாம்ப்’. தாய்க்கு ஒரு பெயர், குட்டிக்கு ஒரு பெயர் என்னும் எண்ணம் தமிழின் வழியாக முன்பே மனத்தில் இடம் பெற்றுவிட்டது. இனி ஏற்க வேண்டியது ஒலி ஒன்றே. தமிழில் ‘பூனைக்குட்டி’ என்பதையும் அறியாத குழந்தையோ எண்ணத்தையும் ஒலியையும் ஒருங்கே சுமக்க வேண்டியதாகிறது.

இரு மொழிகளும் உலகைப் பகுத்துக் காண்பதில் வேறுபடும் இடங்களும் உண்டு. அவற்றைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். நாம் ‘ஆடு’ என்னும் ஒரு சொல்லால் வெள்ளாட்டையும் செம்மறியாட்டையும் குறிக்கிறோம். ஆங்கிலத்தில் ‘கோட்’ வேறு, ‘ஷீப்’ வேறு. நமக்கு ஆமை ஒன்றே. ஆங்கிலேயர்க்குப் பொதுவாக நிலத்து ஆமை ‘டார்ட்டஸ்’, நீரில் வாழ்வது ‘டர்ட்டில்’. புறா நமக்கு ஒரு பெயர். அவர்கள் ‘பிஜன்’ என்றும் ‘டவ்’ என்றும் பிரித்துக் கூறுவர். முயலிலும் ‘ராபிட்’, ‘ஹேர்’ என இரண்டு உண்டு. வீட்டில் வளர்ப்பது ‘ராபிட்’. செம்மறியாட்டைக் கண்டு குழந்தை ‘கோட்’ என்று சொன்னால் அது அறியாமையால் வந்த பிழை என்று கடிந்துகொள்ளலாகாது. தமிழின் பகுப்பை ஆங்கிலத்தில் பொருத்திப் பார்த்திருக்கிறது, அவ்வளவே. “இதற்கு ஆங்கிலத்தில் வேறொரு பெயர் உண்டு” என்று சொன்னால் மறுமுறை திருத்திக்கொள்ளும்.

நம் நாட்டு மொழிகளிலிருந்து ஆங்கிலம் கடன் கொண்ட பிராணிப் பெயர்களும் உள. கீரிப்பிள்ளையைக் குறிக்கும் ‘மங்கூஸ்’ மராத்தியிலிருந்து சென்றது. தொல்காப்பியம் கீரியை ‘மூங்கா’ என்று கூறுவது இங்கே நினைக்கத்தக்கது. பெருச்சாளியைக் குறிக்கும் ‘பாண்டிகூட்’ தெலுங்கின் ‘பந்திகொக்கு’. வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால், ஆங்கிலத்தை அஞ்சத்தக்க அயல்மொழி என்று கருதும் கூச்சம் ஓரளவு நீங்கும்.

மூன்று படிகள்

இனி, கற்பிக்கும் முறையைக் காண்போம். இத்தாலிய நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததையும், உலகப் போரின் காரணமாகப் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கியதையும் பலர் அறிவர். பிரெஞ்சு மருத்துவர் செகேன் என்பார் வகுத்த ஒரு முறையை அவ்வம்மையார் தம் பள்ளிகளில் கையாண்டார். பொருட்செலவின்றி நம் வீட்டிலும் அதைக் கைக்கொள்ளலாம்.

முதற்படி, பெயரைச் சொல்லுதல். இரண்டு அல்லது மூன்று படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, “இது டாக், இது கேட், இது ஃபிஷ்” என்று தெளிவாகச் சொல்லவேண்டும். இரண்டாம் படி, அடையாளம் காட்டச் செய்தல். “ஃபிஷ் எங்கே? கேட்டை என் கையில் கொடு, டாக்கைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வை” என்று விளையாட்டாகக் கேட்கவேண்டும். இப்படியில் குழந்தை வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, அறிந்திருந்தால் போதும். மூன்றாம் படியில்தான், “இது என்ன?” என்னும் வினா வரவேண்டும். நம்மில் பலர் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறோம். விருந்தினர் முன்னே நிறுத்தி, “சொல்லு, இது என்ன?” என்று கேட்கிறோம். குழந்தை நாணித் தாயின் பின்னே ஒளிகிறது. இரண்டாம் படியில் போதிய நாள் விளையாடிய குழந்தைக்கு அந்த அச்சம் வாராது.

மூன்றாம் படியில் குழந்தை தவறாகச் சொன்னால் திருத்தி வற்புறுத்தவும் வேண்டாம். படங்களை எடுத்து வைத்துவிட்டு மறுநாள் முதற்படியிலிருந்து தொடங்குவதே அம்முறையின் இயல்பு. நாளொன்றுக்குப் பத்து நிமிடத்திற்கு மேல் இதற்குத் தேவையில்லை.

பெயருக்குப் பின் வினை

பெயர்கள் ஐந்தாறு அமைந்தவுடன் ஐம்பது பெயர்களுக்கு ஓடாமல், வினைச் சொற்களுக்குச் செல்லவேண்டும். பேச்சை நடத்திச் செல்வது வினைச்சொல். நாய் ஓடுகிறது, உறங்குகிறது, நீர் குடிக்கிறது, குரைக்கிறது. மீன் நீந்துகிறது. முயல் தாவுகிறது. ‘ரன்’, ‘ஸ்லீப்’, ‘டிரிங்க்’, ‘பார்க்’, ‘ஸ்விம்’, ‘ஹாப்’ ஆகிய ஆறு வினைகள் கிடைத்துவிட்டால், ஆறு பெயர்களோடு சேர்த்துக் குழந்தை பல வாக்கியங்களைத் தானே அமைக்கும். “ஹாப் லைக் எ ராபிட்” என்று தந்தை சொல்லக் குழந்தை தாவினால், மனப்பாடம் செய்யாமலே அச்சொல் உடம்பில் ஊறிவிடும்.

இங்கும் தமிழ் முன்னே நிற்கவேண்டும். நாய் குரைக்கும், குதிரை கனைக்கும், யானை பிளிறும், காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், கோழி கொக்கரிக்கும் என்னும் மரபுச் சொற்கள் நம் பிள்ளைகள் பலருக்கு இன்று கேள்வியாகவும் வருவதில்லை; எல்லாப் பிராணியும் ‘கத்துகிறது’ என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. ஆங்கிலத்திலும் இவ்வாறே நாய்க்கு ‘பார்க்’, பூனைக்கு ‘மியூ’, மகிழ்ந்த பூனையின் உறுமலுக்கு ‘பர்’, பசுவிற்கு ‘மூ’, ஆட்டிற்கு ‘பிளீட்’, சிறு பறவைக்கு ‘சிர்ப்’ என வேறுபாடு உண்டு. ஒரு மொழியின் மரபை அறிந்த செவி மற்றொன்றின் மரபையும் நாடும்.

உறுப்புப் பெயர்களும் அவ்வாறே. வால், மீசை, அலகு, இறகு, சிறகு, செதில், துடுப்பு, கொம்பு, குளம்பு என்பவற்றைத் தமிழில் பயின்ற குழந்தைக்கு ‘டெயில்’, ‘விஸ்கர்’, ‘பீக்’, ‘ஃபெதர்’, ‘விங்’, ‘ஸ்கேல்’, ‘ஃபின்’, ‘ஹார்ன்’, ‘ஹூஃப்’ என்பவை அறிமுகமான பொருளின் புதுப்பெயர்களாகவே தோன்றும்.

ஒலிப்பில் கவனம்

தமிழ் எழுத்தின் அமைப்பால் நம் குழந்தைகளுக்குச் சில ஒலிகள் முதலில் இடர் தரும். வல்லினத்தில் ‘ப’ ஒன்றே இருப்பதால் பன்றியைக் குறிக்கும் ‘பிக்’ என்பதும் பெரியது என்று பொருள்படும் ‘பிக்’ என்பதும் தமிழில் ஒரே வடிவம் பெறுகின்றன. பூனையைக் குறிக்கும் ‘கேட்’டும் வாயிற்கதவாகிய ‘கேட்’டும் அவ்வாறே. ஆதலால் இச்சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கச் செய்தல் தகாது. செவி வழியாகவே புகட்டவேண்டும். பூனைக்குரிய உயிரொலியை வாயை நன்கு அகலத் திறந்து ஒலிக்கச் சொல்லவேண்டும். மீனைக் குறிக்கும் ‘ஃபிஷ்’ என்பதன் முதலொலிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். இரு உதடும் சேர்ந்தால் ‘பிஷ்’ ஆகிவிடும்.

இவ்வகையில் நம் குழந்தைகளுக்கு வெளி மாநில வாழ்வே துணை செய்கிறது. பக்கத்து வீட்டில் இந்தியில் பூனையைச் சொல்வதும் நாய்க்குட்டியைச் சொல்வதும் முதலெழுத்தின் ஒலியால் வேறுபடுவதை அவர்கள் தெருவில் விளையாடும்போதே கேட்டுப் பழகிவிடுகிறார்கள். மராத்தியர் பிராணியின் குட்டியைப் ‘பில்லூ’ என்பர். நம் செவிக்கு அது ‘பிள்ளை’ போலவே ஒலிக்கும். இத்தகைய ஒற்றுமைகளைக் குழந்தை கண்டு சொல்லும்போது நாமும் சேர்ந்து மகிழ்தல் வேண்டும்.

அவனா, அவளா, அதுவா?

தமிழில் பிராணிகள் யாவும் அஃறிணை. ‘அது வந்தது’ என்போம். இந்தியில் ஒவ்வொரு பெயரும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ நிற்கும். ஆங்கிலத்தில் பொதுவாகப் பிராணியை ‘இட்’ என்பர். ஆனால் தம் வீட்டுச் செல்லப் பிராணியை ‘ஹி’ என்றும் ‘ஷி’ என்றும் கூறுவதே அவர்கள் வழக்கம். குழந்தை இதனால் மயங்கும் என்று கவலைப்பட வேண்டாம். அன்பு மிகுதியால் பசுவைத் தாயாகக் கருதி ‘வந்தாள்’ என்று உயர்திணையில் கூறுவதை நம் இலக்கண நூலாரும் திணை வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டனர். “உன்னுடைய நாய் என்றால் ‘ஹி’, தெருவில் போகும் அறியாத நாய் என்றால் ‘இட்’” என்று சொன்னால் ஐந்து வயதுக் குழந்தையும் புரிந்துகொள்ளும். அன்பு என்னும் காரணம் இரு மொழிக்கும் பொது.

பிராணி இல்லாத வீட்டில்

“நாம் இருப்பதோ ஒற்றை அறை; இதில் நாயை எங்கே வளர்ப்பது?” என்று கேட்பார் பலர். வளர்க்க வேண்டியதில்லை. சன்னல் விளிம்பில் வந்து அமரும் புறாவும் காகமும், மீன் சந்தையைச் சுற்றும் பூனைகளும், தெருமுனைத் தேநீர்க் கடையின் நாயும், பால்காரர் தொழுவத்து எருமையும் குழந்தையின் பாடநூல்களே. பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வழியில் நாள்தோறும் ஒரே பிராணியைப் பற்றி, ஒரு வாக்கியம் தமிழிலும் ஒரு வாக்கியம் ஆங்கிலத்திலும் பேசலாம். “இன்று அந்த நாய் எங்கே உறங்குகிறது?” என்று வினவினால், இடத்தைக் குறிக்கும் ‘ஆன்’, ‘அண்டர்’, ‘இன்’ முதலிய சொற்களும் வந்துவிடும்.

கிளியைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலப் படப் புத்தகங்கள் ‘பேரட்’ என்றவுடன் கூண்டைக் காட்டுகின்றன. நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைக் கூண்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அவ்வாறே பாதுகாக்கப்பட்டது. ஆகவே பாடத்துக்காகக் கிளி வாங்கித் தர முனைய வேண்டாம். மரத்தில் இருக்கும் கிளியைக் காட்டி, ‘ட்ரீ’, ‘க்ரீன்’, ‘ஃப்ளை’ என்னும் மூன்று சொற்களைச் சேர்த்துக் கற்பித்தால் பாடமும் நிறைவுறும். பறவையும் உரிமையோடு வாழும்.

இதனினும் இன்றியமையாத பாடம் ஒன்று உண்டு. தெரு நாய் கடித்தாலோ பூனை கீறினாலோ அதைப் பெரியவர்களிடம் உடனே சொல்லக் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் நேர்ந்தால் ஆசிரியையிடம் ஆங்கிலத்தில் சொல்ல நேரிடும். வீட்டில் நேர்ந்தால் தமிழில் சொல்ல வேண்டும். “நாய் என்னைக் கடித்தது”, “தி டாக் பிட் மீ” என்னும் இரண்டையும், கடித்த இடத்தைத் தொட்டுக்காட்டவும் பழக்கவேண்டும். சிறு கீறலாயினும் ஓடும் நீரில் சவக்காரம் இட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். வெறிநாய்க்கடி நோய் முற்றிய பின் பிழைப்பது அரிது. தக்க காலத்தில் போடும் தடுப்பூசியோ காக்கவல்லது. திட்டுவார்களோ என்று அஞ்சிக் குழந்தை மறைத்துவிடலாகாது. ‘டாக்’ என்னும் பெயரை மட்டும் கற்ற குழந்தையால் இதைச் சொல்ல இயலாது. ‘பைட்’, ‘ஸ்கிராட்ச்’, ‘பெயின்’ என்னும் சொற்களும் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதன் பொருட்டே. ‘டோன்ட் டச்’ என்பதையும் இவற்றோடு சேர்த்துக் கற்பிக்கலாம்.

இரண்டு ஐயங்கள்

இரு மொழியை ஒரே காலத்தில் கேட்டால் குழந்தை குழம்பாதா என்பது முதல் ஐயம். இரு மொழியிலும் வளரும் குழந்தை சில காலம் சொற்களைக் கலந்து பேசுவது இயற்கை. “கேட் பால் குடிக்குது” என்று சொன்னால், “ஆமாம், பூனை பால் குடிக்கிறது” என்று நாம் முழுத் தமிழில் திரும்பச் சொல்வதே போதுமானது. நகைக்கவும் வேண்டாம், தண்டிக்கவும் வேண்டாம். இத்தகைய குழந்தையின் சொல்வளத்தை ஒரு மொழியில் மட்டும் எண்ணிப் பார்த்துக் குறைவு என்று முடிவு செய்வது சரியன்று. இரண்டையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்பது மொழியறிஞர் கருத்து.

வீட்டில் தமிழ் பேசினால் பள்ளியில் பின்தங்கிவிடுமோ என்பது இரண்டாம் ஐயம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டு மொழி அல்லது தாய்மொழி வழியாகக் கற்பித்தல் வேண்டும் என்று கூறுகிறது. வெளி மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு அவ்வாய்ப்புப் பள்ளியில் கிட்டுவது அரிது. ஆதலின் தமிழுக்கு எஞ்சியுள்ள பள்ளி நம் வீடு ஒன்றே. ஆங்கிலம் பள்ளியிலும் தெருவிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் குழந்தையைத் தேடி வரும். ‘அணிற்பிள்ளை’ என்னும் சொல் அவ்வாறு வாராது. நாம் சொன்னால்தான் உண்டு.

ஒரு திங்களுக்கான திட்டம்

செயலில் இறங்க விரும்பும் பெற்றோர்க்காக எளிய திட்டம் ஒன்றைக் கூறுகிறோம். முதல் வாரம் நாய், பூனை, மீன், காகம் என்னும் நான்கின் பெயர்களை இரு மொழியிலும் மூன்று படிகளாகப் பழக்குக. இரண்டாம் வாரம் அவற்றின் குட்டி, குஞ்சு ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்க. மூன்றாம் வாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினையும் ஓர் உறுப்பும் சேர்க்க. நான்காம் வாரம், குழந்தை தான் பார்த்த ஒரு பிராணியைப் பற்றி மூன்று வாக்கியங்கள் ஆங்கிலத்தில் தந்தையிடமும், அதே செய்தியைத் தமிழில் தொலைபேசி வழியே ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடமும் சொல்லட்டும்.

இத்திட்டத்தில் பாட்டிக்கு நாம் இடம் வைத்தது உபசாரத்திற்காக அன்று. குழந்தை சொல்வதைக் கேட்டுப் பாட்டி சும்மா இருக்கமாட்டார். “நம்ம வீட்டுப் பசு நேற்றுக் கன்று ஈன்றது, சீம்பால் காய்ச்சினோம்” என்பார். ஈனுதல், சீம்பால், தொழுவம், புண்ணாக்கு என்று நகரத்து வீட்டில் நாம் ஒருநாளும் சொல்லாத சொற்கள் அவ்வுரையாடலில் குழந்தையின் செவியில் விழும். “கன்றுக்கு என்ன பெயர் வைக்கலாம், நீயே சொல்” என்று அவர் கேட்டால், பேரக்குழந்தை தமிழிலேயே விடை சொல்லும். அடுத்த விடுமுறையில் அக்கன்றைக் காணச் செல்லும்போது இருவர்க்கும் இடையே மொழிபெயர்க்க நாம் நிற்க வேண்டியிராது.